உங்கள் பாஸ்வேர்ட் என்னிடம் இருக்கக் கூடாது

"அக்கா, என்ட பாஸ்வேர்ட் உங்களிட்ட இருக்குத்தானே?"

இலங்கையின் வடக்கில், பரந்தன் பக்கம் நான் வேலை செய்யும் கொமினிகேஷனில், அதாவது போட்டோ கொப்பியும் இணையமும் உள்ள கடையில், இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. கேட்பவர்கள் எல்லோரும் விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்து, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வந்த பிள்ளை கேட்கும். கடவுச்சீட்டு அலுவலாக வந்த அண்ணா கேட்பார். மகன் பிரான்ஸிலிருந்து அனுப்பிய போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா கேட்பார். மெயில் திறந்து தந்தது கடை, அப்படியென்றால் பாஸ்வேர்டும் கடையில்தானே இருக்கும் என்பது அவர்களுடைய எண்ணம். அதில் பிழை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கம் பல கடைகளில் இதற்கென்றே ஒரு கொப்பி இருக்கிறது. பெயர், மெயில், பாஸ்வேர்ட், போன் நம்பர் என்று கோடு போட்டு எழுதி, மேசையில் திறந்தபடி கிடக்கும். போட்டோ கொப்பி எடுக்க நிற்கிற எவரும் எட்டிப் பார்க்கலாம்.

என்னிடம் அப்படி ஒரு கொப்பி இல்லை. வைக்கவும் மாட்டேன். பாஸ்வேர்ட் அடிக்கிற இடம் வந்ததும் கீபோர்டை வந்தவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மறுபக்கம் பார்ப்பேன். சிலருக்கு இது கோபம். "உங்களை நம்பித்தானே வந்தனாங்கள், நீங்களே அடியுங்கோவன்" என்பார்கள். என்னை நம்புவது சரி. ஆனால் நாளைக்கு நான் இந்தக் கடையில் இருக்க மாட்டேன், இன்னொருவர் இருப்பார். கடை கைமாறும், கொப்பியும் சேர்ந்து கைமாறும்.

முன்பு ஒரு மெயில் முகவரி தொலைந்தால் பெரிய விஷயம் இல்லை, இன்னொன்று திறந்துகொள்ளலாம். இப்போது பல்கலைக்கழக விண்ணப்பம் இணையத்தில், வங்கிக் கணக்கு போனில், வெளிநாட்டிலிருந்து வரும் காசின் விவரம் போனில், வீட்டுப் படங்கள் எல்லாம் கூகிளில். இவற்றில் எதற்குப் பாஸ்வேர்ட் மறந்தாலும், புதியது வைப்பதற்கான இணைப்பு பெரும்பாலும் மெயிலுக்குத்தான் வருகிறது. ஆக, உங்கள் மெயிலின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் மற்றதெல்லாம் இருக்கிறது. கடைக் கொப்பியில் ஒரு வரியாகக் கிடப்பது அதுதான்.

எங்கள் ஆட்கள் என்ன மாதிரிப் பாஸ்வேர்ட் வைப்பார்கள் என்பதைப் பொதுவாகச் சொல்லலாம், யாரையும் காட்டிக்கொடுத்ததாகாது. பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும். ஊர்ப் பெயரும் 123 உம். முறிகண்டிப் பிள்ளையார், வற்றாப்பளை அம்மன். இன்னொரு பெரும் பகுதியினர் அடையாள அட்டை இலக்கத்தையே வைக்கிறார்கள். காரணம், அது மறக்காது. இடம்பெயர்ந்த காலம் முழுக்கச் சோதனைச் சாவடியிலும் முகாமிலும் நிவாரண வரிசையிலும் சொல்லிச் சொல்லி, அந்த இலக்கம் எங்கள் ஆட்களுக்கு நித்திரையிலும் வரும்.

அந்த இலக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 ஐக் கூட்டியிருப்பார்கள். 2016 இல் வந்த புது முறையில் பன்னிரண்டு இலக்கம், முதல் நான்கு வருடம், அடுத்த மூன்று நாள். உங்கள் பிறந்த திகதி தெரிந்த ஒருவருக்குப் பழைய இலக்கத்தில் கண்டுபிடிக்க மிஞ்சுவது நான்கே இலக்கம், அதாவது கூடிப்போனால் 10,000 விதம். புதியதில் 100,000. ஒரு கொம்பியூட்டருக்கு இது வேலையே இல்லை. பிறந்த திகதி பேஸ்புக்கில் வாழ்த்துகளோடு தொங்குகிறது. உண்மையில் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. அடையாள அட்டையின் போட்டோ கொப்பி கேட்காத அலுவலகம் எங்கே இருக்கிறது? கிராம சேவையாளரிடம், பிரதேச செயலகத்தில், சிம் விற்கும் இடத்தில், சங்கக் கடையில், எல்லா இடமும் உங்கள் பாஸ்வேர்டின் பிரதி கிடக்கிறது. எங்கள் மெஷினில் பிழையாக விழுந்த அடையாள அட்டைக் கொப்பிகளை நான் சுக்குநூறாகக் கிழித்துத்தான் குப்பையில் போடுவேன். எல்லாக் கடையிலும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

அடுத்த பிரச்சினை, ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைப்பது. "நல்ல கஷ்டமான பாஸ்வேர்ட் ஒன்று வைச்சிருக்கிறன் அக்கா, எல்லாத்துக்கும் அதுதான்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. கஷ்டமாக இருப்பது நல்லது. ஆனால் அந்தப் பிள்ளை அதை எத்தனை தளத்தில் கொடுத்திருக்கிறதோ, அத்தனையிலும் மிகக் கவனக்குறைவான தளம் எதுவோ அதன் பாதுகாப்புத்தான் வங்கிக் கணக்குக்கும். 2009 டிசம்பரில் ரொக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் களவு போயின. பேஸ்புக்கில் போடும் சின்னச் சின்னச் செயலிகள் செய்த நிறுவனம் அது. பாஸ்வேர்டுகளை மறைக்குறி எதுவும் இல்லாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியல் இன்றைக்கும் திருடர்களின் கையில் இருக்கிறது. ஒரு இடத்தில் களவுபோன மெயிலையும் பாஸ்வேர்டையும் எடுத்து இன்னும் ஆயிரம் இடங்களில் போட்டுப் பார்ப்பது அவர்களுக்கு அன்றாட வேலை, அதையும் இயந்திரம்தான் செய்கிறது. உங்களை யாரும் தேடி வர வேண்டியதில்லை. "நாங்கள் ஏழைகள், எங்களிட்ட என்ன இருக்குது களவெடுக்க" என்ற பேச்சு அந்த இயந்திரத்துக்கு விளங்காது.

சரி, ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட், அதுவும் ஊகிக்க முடியாதது வேண்டும் என்றால், அத்தனையையும் எந்த மனிதரால் நினைவில் வைக்க முடியும்? முடியாது. முயலவும் வேண்டாம். அதற்குத்தான் பாஸ்வேர்ட் மனேஜர் என்ற செயலி.

இடம்பெயர்ந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ், குடும்ப அட்டை, நகை அடகுத் துண்டு, எல்லாம் பொலித்தீனில் சுற்றி அந்த ஒரு பையில். ஷெல் சத்தம் கேட்டால் முதலில் கை போவது அதற்குத்தான். ஒவ்வொரு துண்டையும் எங்கே வைத்தோம் என்று நினைவு வைக்க வேண்டியதில்லை, பை எங்கே என்று தெரிந்தால் போதும். யோசனைக்காரர்கள் முக்கியமானவற்றின் பிரதியை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள சொந்தக்காரரிடம் கொடுத்தும் வைத்திருந்தார்கள். பாஸ்வேர்ட் மனேஜர் அந்தப் பை போலத்தான், பூட்டுப் போட்ட பை. உள்ளே எல்லாப் பாஸ்வேர்டும் மறைக்குறியாக்கி இருக்கும். அதைத் திறக்கும் ஒன்றை, அதாவது தலைமைப் பாஸ்வேர்டை, மட்டும் நீங்கள் நினைவில் வைக்கிறீர்கள். மற்றதையெல்லாம் மனேஜரே உருவாக்கும், இருபது எழுத்து வேண்டுமென்றாலும், எந்தப் பெயரும் எந்தச் சாமியும் இல்லாமல்.

பலருக்குத் தெரியாத, எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு வேலையும் அது செய்கிறது. நீங்கள் சேமித்த பாஸ்வேர்ட் எந்த இணைய முகவரிக்கு உரியது என்பதை அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். "உங்களுக்குத் தபால் பொதி வந்திருக்கிறது, இந்த இணைப்பில் முகவரியை உறுதிப்படுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வருகிறதே, அதை அழுத்தினால் வரும் பக்கம் நிறத்திலும் இலச்சினையிலும் உண்மையான தளம் போலவே இருக்கும். வங்கியின் பக்கத்தையும் அப்படித்தான் செய்கிறார்கள். மனிதக் கண் ஏமாறும், அதுவும் வெயிலில் நின்று சின்னத் திரையில் பார்த்தால் நிச்சயம் ஏமாறும். தளத்தின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மனேஜர் பாஸ்வேர்டை நிரப்பாது, சும்மா இருக்கும். வழக்கமாக நிரப்புவது இன்றைக்கு ஏன் நிரப்பவில்லை என்ற கேள்வி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பக்கம் பொய்யாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எதைப் போடுவது என்று கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது பிட்வார்டன். 2016 இல் வந்தது, மூல நிரல் திறந்திருக்கிறது, அதாவது அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், காசு கட்டாமலே எத்தனை பாஸ்வேர்டும் எத்தனை கருவியிலும் வைக்கலாம். போனில் ஒருமுறை திறந்து வைத்திருந்தால் இணைய இணைப்பு இல்லாதபோதும் சேமித்ததைப் பார்க்கலாம். எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இணையமே வேண்டாம், யாருடைய சேவையிலும் என் பாஸ்வேர்ட் கிடக்க வேண்டாம் என்பவர்களுக்கு கீபாஸ் வகை இருக்கிறது. 2003 இலிருந்து இருக்கிறது. எல்லாம் ஒரே கோப்பில், அந்தக் கோப்பு உங்கள் போனிலோ பென் டிரைவிலோ. ஆனால் அந்தப் பென் டிரைவ் குளத்துக்குள் விழுந்தால் எல்லாம் போச்சு, பிரதி எடுத்து வைப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன். மற்றபடி, ஆண்ட்ராய்ட் போனோடு வரும் கூகிளின் சேமிப்பைப் பயன்படுத்துபவர்களை நான் திருத்தப் போவதில்லை. ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

"எல்லாத்தையும் ஒரு இடத்தில வைச்சு அது களவு போனால்?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி, நடந்தும் இருக்கிறது. 2022 இல் லாஸ்ட்பாஸ் என்ற பெரிய மனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் இருக்கும் பெட்டகங்களின் பிரதிகளையே திருடிக்கொண்டு போனார்கள். டிசம்பர் 22 அன்று நிறுவனமே அறிவித்தது. பாஸ்வேர்டுகள் மறைக்குறியில்தான் இருந்தன. ஆனால் தளங்களின் முகவரிகள் திறந்தபடி இருந்தன, யார் எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார் என்பது தெரியும்படி. பெட்டகம் கையில் கிடைத்த திருடன் அவசரப்பட வேண்டியதில்லை, அதைத் தன் கொம்பியூட்டரில் வைத்து இரவு பகலாக ஊகித்துக்கொண்டே இருக்கலாம். தலைமைப் பாஸ்வேர்ட் நீளமாகவும் ஊகிக்க முடியாததாகவும் வைத்திருந்தவர்களின் பெட்டகத்தைத் திறப்பது நடைமுறையில் ஆகாத காரியம். குட்டிப் பாஸ்வேர்ட் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆசிரியருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தலைமைப் பாஸ்வேர்ட் ஒன்றுக்கு மட்டும் ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழியுங்கள்.

அதை எப்படி உருவாக்குவது என்பதற்கு ஆர்னோல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995 இல் சொன்ன வழியைத்தான் நான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். தாயக்கட்டை, அதாவது ஆறு பக்கம் உள்ளது, ஐந்து முறை உருட்ட வேண்டும். வரும் ஐந்து இலக்கத்துக்கு ஒரு பட்டியலில் ஒரு சொல் இருக்கும். பட்டியலில் மொத்தம் 7,776 சொற்கள், ஆறை ஐந்து முறை பெருக்கினால் வருவது. அப்படி ஐந்து சொல் எடுத்தால் சாத்தியங்களின் எண்ணிக்கை, 28 எழுதி அதற்குப் பின்னால் 18 பூச்சியம் போட்டால் வருமே, அவ்வளவு. பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது போதும். பெரியவர்களுக்குத் தமிழ் அகராதியை எடுத்து, எந்தப் பக்கம், எத்தனையாவது சொல் என்பதைத் தாயக்கட்டையால் தீர்மானிக்கச் சொல்வேன். கண்ணை மூடிப் பக்கம் பிரித்தால் நடுப்பக்கம்தான் திரும்பத் திரும்ப வரும். தவளை, உரல், மத்தியானம், கம்பிவேலி, இஞ்சி என்று ஏதாவது விழும். இதையே வைத்துவிடாதீர்கள், நான் எழுதிவிட்டேன், இனி இது இரகசியம் இல்லை. ஆங்கில எழுத்தில் நீங்கள் வழக்கமாக வட்ஸ்அப்பில் அடிப்பது போலவே அடியுங்கள், அடையாளக் குறி, பெரிய எழுத்து ஒன்றும் தேவையில்லை. தவளை உரலுக்குள் இருப்பதாக ஒரு கதை கட்டினால் பிறகு மறக்கவே மாட்டீர்கள். தேவாரத்தின் முதல் அடியும் பாட்டு வரியும் வேண்டாம். உங்களுக்குப் பாடமான வரி ஊருக்கும் பாடம்.

இதைப் படிக்கும்போது, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், குறி நான்கும் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வது நினைவுக்கு வரலாம். அந்த விதியின் ஊற்று 2003 இல் பில் பர் என்பவர் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய ஆவணம். அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக 2017 இல் அவரே சொன்னார். அதே வருடம் அந்த நிறுவனமும் இரண்டு விதியையும் கைவிட்டு, நீளமாக வைக்க விடுங்கள், களவு போனதாகத் தெரிந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்று எழுதியது. எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் இன்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். ஊர்ப் பெயருக்குப் பின்னால் இருக்கும் இலக்கம் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போகிறது, திரைக்குக் கீழே மஞ்சள் துண்டில் ஒட்டியும் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த விதி மனிதரை அப்படித்தான் செய்ய வைக்கும்.

இனி, கடையிலும் நூலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கும் பொதுக் கொம்பியூட்டர். கொம்பியூட்டரில் பாஸ்வேர்ட் என்ற ஒன்று வந்ததே இதற்காகத்தான். 1960 களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரே கொம்பியூட்டரைப் பலர் பங்குபோட்டுப் பாவித்தார்கள், ஒருவருடைய கோப்பு மற்றவருக்குத் தெரியாமல் இருக்க பெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தது. 1962 இலேயே, தனக்குக் கிடைத்த நேரம் போதவில்லை என்று ஒரு ஆய்வு மாணவர் பாஸ்வேர்ட் பட்டியல் முழுவதையும் அச்செடுத்துவிட்டார். அங்கே இப்போது ஆளுக்கு மூன்று கருவி. எங்கள் ஊரில் இன்னும் ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வந்து போகிறார்கள். அதனால் அந்தப் பழைய பிரச்சினை எங்களுக்குப் பழையதாகவில்லை.

கடைக் கொம்பியூட்டரில் குறோமைத் திறந்து, அமைப்புக்குள் போய், சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் என்ன இருக்கும் தெரியுமா? நீளமான ஒரு பட்டியல். தளங்களின் பெயர்கள். ஒன்றை அழுத்தினால் மெயில் முகவரி, கறுப்புப் புள்ளிகள், அதற்குப் பக்கத்தில் ஒரு கண். விண்டோஸுக்குப் பாஸ்வேர்ட் போடாத கொம்பியூட்டர் என்றால் அந்தக் கண்ணை அழுத்தியதும் புள்ளிகள் எழுத்தாகிவிடும். லொகின் ஆனவுடன் மேலே "சேமிக்கவா?" என்று ஒரு பெட்டி வரும். வரிசையில் பின்னால் ஆள் நிற்கிற அவசரத்தில் கை நீல நிறப் பொத்தானுக்குத்தான் போகும். அது "ஆம்". நான் எங்கள் கொம்பியூட்டர்களில் அந்தக் கேள்வியே வராதபடி நிறுத்தியிருக்கிறேன், குறோமை மூடினால் எல்லாம் அழிந்துபோகும்படியும் வைத்திருக்கிறேன். மற்றக் கடைகளுக்குப் போகும்போது மூடியதும் எல்லாம் அழிந்துபோகும் விருந்தினர் சாளரத்தில் திறக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வட்ஸ்அப்பைப் பிரிண்ட் எடுப்பதற்காகக் கடைக் கொம்பியூட்டரில் இணைத்தால், வீட்டுக்குப் போகமுன் போனில் இணைத்த கருவிகள் என்ற இடத்துக்குப் போய் அதைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குடும்பக் கதை முழுக்க அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்ட் மனேஜரைப் பொதுக் கொம்பியூட்டரில் ஒருபோதும் திறக்க வேண்டாம், தட்டுவதையெல்லாம் பதிவுசெய்யும் களவு நிரல் அதில் இருந்தால் தலைமைப் பாஸ்வேர்டே போய்விடும். போனில் திறந்து, வேண்டிய ஒன்றை மட்டும் பார்த்து அடியுங்கள். அப்படிக் கையால் அடிக்க வேண்டிவரும் கணக்குகளுக்கு மனேஜரிலேயே சொற்களாலான பாஸ்வேர்டை உருவாக்கலாம்.

எனக்கு நெஞ்சில் தைக்கிற விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். 2009 க்கு முந்தைய படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் வன்னியில் ஏராளம். கலியாணப் படம், பிள்ளையின் முதல் பிறந்தநாள், தகப்பனின் ஒரே படம், எல்லாம் பங்கருக்குள்ளும் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போன பாதையிலும் போய்விட்டன. எப்போதோ வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பிய ஒரு பிரதி இருந்தவர்களுக்கு அது திரும்பிக் கிடைத்தது. சாமி அறையில் மாலையோடு இருக்கும் படங்கள் பல, அடையாள அட்டையின் சின்னப் படத்தைப் பெருப்பித்து எடுத்தவை. அந்த வேலையையும் எங்கள் மாதிரிக் கடைகள்தான் செய்கின்றன. சட்டையின் நிறம் என்ன என்று வீட்டாரைக் கேட்டு நிறம் கொடுப்போம். எத்தனை பெருப்பித்தாலும் கண் தெளியாது.

அப்படி எல்லாம் இழந்த சனத்தின் இப்போதைய படங்கள் முழுக்க ஒரு போனிலும் அந்தப் போனின் கூகிள் கணக்கிலும் இருக்கின்றன. அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தருமபுரம் பக்கமிருந்து ஒரு அம்மா, காலமாகிவிட்ட கணவரின் போனைக் கொண்டுவந்தார். பூட்டு வடிவம் தெரியவில்லை. "இவரின்ட குரல் இதுக்குள்ள இருக்குது பிள்ளை, பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லி அனுப்பினது" என்றார். பூட்டை எடுத்துப் போனைப் பாவிக்க வைப்பது லேசு, ஆனால் அதற்கு உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லி, போனை அப்படியே வைத்திருக்கச் சொன்னேன். கடைசியில் கனடாவில் இருக்கும் மகளின் வட்ஸ்அப்பில் சில குரல் பதிவுகள் மிஞ்சியிருந்தன. மற்றவை அந்தப் போனுக்குள்தான் இருக்கின்றன.

அதனால் பூட்டுவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நான் நிறுத்த மாட்டேன். நீங்கள் இல்லாத நாளில் யார் திறப்பது என்பதையும் இப்போதே முடிவெடுங்கள். கூகிளில் செயலற்ற கணக்கு மனேஜர் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட மாதங்கள் கணக்கு அசையாமல் கிடந்தால் நீங்கள் சொல்லிவைத்தவருக்குப் படங்களையும் மற்றவற்றையும் கொடுக்கும். இதை அமைக்காமல் விட்டால் இன்னொரு ஆபத்து உண்டு. இரண்டு வருடம் பாவிக்காத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கும் நடைமுறையை 2023 டிசம்பரிலிருந்து கூகிள் கொண்டுவந்திருக்கிறது. மனேஜரின் தலைமைப் பாஸ்வேர்டைக் கடதாசியில் எழுதி, உறையில் ஒட்டி, காணி உறுதி இருக்கும் இடத்தில் வையுங்கள். கடதாசியில் எழுதுவது பிழை என்று சிலர் சொல்வார்கள். கடைக் கொப்பியில் எழுதுவதுதான் பிழை. உங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருக்கும் கடதாசியை எந்த நாட்டுத் திருடனும் இணையம் வழியாக எடுக்க முடியாது. எழுபது வயதில் மனேஜர் படிக்க விருப்பமில்லாத அம்மாவுக்கு ஒரு சின்னக் கொப்பி போதும், ஒவ்வொரு கணக்குக்கும் வேறு பாஸ்வேர்ட் என்றால் அதுவே நல்ல மனேஜர்.

ஓடிபி, அதாவது போனுக்கு வரும் ஒருமுறைக் கோட், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தவறுதலாக உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டுது, சொல்லுங்கோ" என்று தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்தே கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவருடைய வட்ஸ்அப்பை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள், அடுத்தது உங்களுடையது, அதற்கடுத்தது சுவிஸில் இருக்கும் உங்கள் அண்ணாவிடம் உங்கள் பெயரில் காசு கேட்பது. வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்ற இடத்தில் ஆறு இலக்க இரகசிய எண் (PIN) ஒன்று போட்டுவிட்டால், கோட் கிடைத்தாலும் அவர்களால் லேசில் உள்ளே வர முடியாது. மெயிலுக்கும் மனேஜருக்கும் குறுஞ்செய்தியைவிட, முப்பது வினாடிக்கு ஒருமுறை இலக்கம் மாறும் செயலி நல்லது. சிக்னல் இல்லாத காட்டுக்கரைக் கிராமத்திலும் அது வேலை செய்யும்.

2022 இலிருந்து அப்பிள், கூகிள், மைக்ரோசொப்ட் மூன்றும் சேர்ந்து பாஸ்கீ என்பதைக் கொண்டுவருகின்றன. பாஸ்வேர்டே இல்லை, போனுக்குள் இருக்கும் ஒரு மறைச்சாவி, உங்கள் விரலோ முகமோ அதைத் திறக்கும். பொய்ப் பக்கத்தில் கொடுத்து ஏமாறுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை, அதனால் எனக்கு அதில் நல்ல நம்பிக்கை உண்டு. ஆனால் தாய், மகள், மருமகன் மூவரும் ஒரே போனைப் பாவித்து, மூவரின் விரலும் அதில் பதிந்திருக்கும் வீட்டில் அது யாருடைய சாவி என்ற கேள்வி இருக்கிறது. அந்த வீடுகளுக்கு இப்போதைக்கு மனேஜரே போதும்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆடி, ஆவணியில் லீவுக்கு வருவீர்கள். அம்மாவின் போனை நீங்கள்தான் அனுப்பியிருப்பீர்கள், கணக்கையும் நீங்கள்தான் திறந்திருப்பீர்கள், மீட்பு நம்பராக உங்களுடைய பழைய இலங்கை சிம்மைக் கொடுத்திருப்பீர்கள். பாவிக்காத சிம்மை நிறுவனம் நிறுத்தி, அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பிறகு அம்மாவின் கணக்கை மீட்கும் கோட் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும். கூகிள் கணக்கைத் திறந்து, பாதுகாப்பு என்ற பகுதியில், மீட்பு நம்பராக அம்மா இப்போது பாவிக்கும் நம்பரையும், மீட்பு மெயிலாக உங்களுடையதையும் போடுங்கள். பத்து நிமிட வேலைதான். லீவு வரும்வரை பார்த்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கு இரவு வீடியோ கோல் எடுக்கும்போதே செய்யலாம்.